எதனால் இறந்தார், ஏன் இறந்தார்?



சில வாரங்களுக்கு முன் எங்கள் பள்ளி மாணவன் ஒருவனுடைய வீட்டுக்குச் சென்றிருந்தோம். அவன் மூன்று நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் விட்டிருந்தது. வீட்டிலிருந்த அனைவரும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து, பாடகர் பி. ரம்லியைப் பற்றிய ஒரு விவரணப்படத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். எங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். படம் முடிந்ததும் பையனின் பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மனுசனைக் கொன்னுட்டாங்க சார்" என்றார். பையனின் தந்தை விடவில்லை. "யாரும்மா கொன்னா? மாரடைப்புன்னுதானே சொல்றாங்க?" என்றார். பாட்டி, "மாரடைப்பு சும்மா வருமா?" என்று திருப்பிக் கேட்டார். காய்ச்சல்காரப் பையன் எங்கள் முகத்தைப் பார்த்தான். வாத்தியார் யார் பக்கம் பேசுவார் என்று அவனுக்கு ஆவல்.

அன்று நாம் யார் பக்கமும் பேசவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி கூடவே வந்தது. அதற்கு அன்று சொல்லாத பதிலை இன்றைய உரையில் சொல்லிப் பார்க்கலாம் என்று எண்ணுகிறோம்.

முதலில் பி. ரம்லி யார் என்பதை நம் பிள்ளைகளுக்காகச் சொல்லிவிடுவோம். பெரியவர்களுக்கு அவரைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1929ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் நாள் பினாங்கில் பிறந்தவர். தந்தையார் சுமத்ராவின் ஆச்சே பகுதியிலிருந்து வந்தவர். தாயார் பட்டர்வொர்த் பக்கத்தவர். பெற்றோர் இட்ட பெயர் தெயுக்கு சக்காரியா. பெயருக்கு முன்னால் நிற்கும் 'பி', தந்தை பெயரில் வரும் 'பூத்தே' என்ற சொல்லின் ஆங்கில முதலெழுத்து. நாம் தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாகப் போட்டுக் கொள்கிறோமே, அதே முறைதான். பினாங்குத் தெருக்களில் மலாய்க்காரரும் தமிழரும் சீனரும் அடுத்தடுத்து வாழ்ந்த காலத்தில் வளர்ந்த பிள்ளை அவர்.

பினாங்கு வானொலி நடத்திய பாட்டுப் போட்டிகளில் பெயர் வாங்கினார். 1948இல் புக்கிட் மெர்த்தாஜாமில் அவர் பாடியதை, இந்தியாவிலிருந்து வந்திருந்த பட இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் கேட்டார். அதுவே சிங்கப்பூருக்கு வழி திறந்தது. அங்கே ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் படப்பிடிப்பு நிலையம் இருந்தது. முதலில் பின்னணிப் பாடகராகவும் வில்லனாகவும் சின்னச் சின்ன வேடங்கள்தான் கிடைத்தன. 1950இல் வந்த 'பக்தி' என்ற படத்தில் அவரை முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன் என்னும் இயக்குநர். இவர் நம்மவர், தமிழர். ஜாலான் அம்பாஸில் அந்நாளில் படம் இயக்கியவர்களில் எஸ். இராமநாதன், பி. என். ராவ், பணி மஜும்தார் என்று இந்தியப் பெயர்களாகவே வரும். 'பக்தி' என்ற தலைப்பையே பாருங்கள். மலாய் மொழியில் அது தொண்டு, கடமை என்ற பொருள் பெற்றிருக்கிறது. நமக்கோ கோவில் வாசலில் கேட்ட சொல்.

பிறகு ரம்லியே இயக்குநரானார். 1955இல் வந்த அவருடைய முதல் இயக்கம் 'பெனாரிக் பெச்சா'. ரிக்‌ஷா இழுக்கும் ஓர் ஏழை இளைஞனின் கதை. பணக்கார வீட்டுப் பெண், ஏழைப் பையன், நடுவில் நிற்கும் பணம், இவை அவர் படங்களில் திரும்பத் திரும்ப வரும். தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், மலாய் புரியாத நம் மூதாட்டிகள்கூட அந்தப் படங்களுக்கு முன்வரிசையில் பாய் விரித்ததற்கு இதுவே காரணம் என்பது எங்கள் துணிபு. மொழி புரியாவிட்டாலும், படியேற முடியாமல் வாசலில் நிற்பவனின் நிலை புரிந்தது.

'அனாக்கு சசாலி' என்ற படத்தில் நடித்ததற்காக 1957இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது. 1963இல் அதே தோக்கியோவில், 'இபு மெர்த்துவாக்கு' படத்துக்காகப் பல்துறைத் திறன் மிக்கவர் என்ற சிறப்பு விருதும் கிடைத்தது. நடிப்பு, இயக்கம், கதை, மெட்டு, பாட்டு எல்லாம் ஒரே மனிதரிடம். அறுபதுக்கு மேற்பட்ட படங்கள், இருநூறுக்கு மேற்பட்ட பாடல்கள். 1957இல் ஜாலான் அம்பாஸ் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கலைஞர் சங்கத்தின் தலைமையில் நின்றவரும் அவரே. சம்பளம் கேட்டு நிற்பது என்றால் என்ன என்று அறிந்த மக்களுக்கு இதையும் சொல்ல வேண்டும்.

அவர் பாடல்களில் ஒன்றின் பெயர் 'கெத்தாரான் ஜீவா'. 1960இல் வந்த 'அந்தாரா டுவா டர்ஜாட்' படத்தில் வருவது. சொற்களை எழுதியவர் எஸ். சுடர்மாஜி, மெட்டு ரம்லியுடையது. கெத்தாரான் என்றால் அதிர்வு. ஜீவா என்பது நம் ஜீவன்தான், வடமொழி வழியாக மலாய்க்கும் சென்று தங்கிவிட்டது. ஜீவனின் அதிர்வு என்று சொல்லலாம். பாட்டு என்பது தொண்டையிலிருந்து வருவதா, அதற்கும் உள்ளேயிருந்து வருவதா என்று கேட்டால், இந்தத் தலைப்பே பதில்.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் பாட்டு வகை ஒன்றுக்கு 'சோல்' என்றே பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கும் உயிர், ஆன்மா என்றே பொருள். தேவாலயத்தில் பாடிய பக்திப் பாட்டின் உருக்கத்தை எடுத்து, காதலுக்கும் கவலைக்கும் உரிய பாட்டில் ஊற்றினார்கள். அந்த வகையைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் சேம் குக். 1931இல் மிசிசிப்பி மாநிலத்துக் கிளார்க்ஸ்டேல் என்ற ஊரில் பிறந்தவர். அது பருத்தித் தோட்டங்கள் சூழ்ந்த பகுதி. நம் பாட்டன்மார் கித்தா மரத்தடியில் நின்றது போல, அம்மக்களின் பாட்டன்மார் பருத்திக் காட்டில் நின்றார்கள். அவர்கள் அடிமைகளாக நின்றவர்கள் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

சேம் குக்கை இங்கே இழுத்து வருவதற்குக் காரணம் உண்டு. அவருடைய மறைவைப் பற்றியும் ஒரு விவரணப்படம் இருக்கிறது. நெட்பிளிக்ஸ் 2019இல் வெளியிட்ட அப்படத்தின் தலைப்பைத் தமிழில் 'சேம் குக்கின் இரு கொலைகள்' எனலாம். ஒருவனை இரண்டு முறை எப்படிக் கொல்ல முடியும்?

நடந்தது இது. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு சிறு விடுதியின் மேலாளராக இருந்த பெண் அவரைத் துப்பாக்கியால் சுட்டார். அப்போது அவருக்கு வயது 33. அவர் தம்மைத் தாக்க வந்ததாகவும், உயிரைக் காத்துக் கொள்ளவே சுட்டதாகவும் அந்தப் பெண் கூறினார். மரண விசாரணையில் அமர்ந்த நடுவர்கள் அதை ஏற்று, அது நியாயப்படுத்தத் தக்க செயல் என்று முடிவு கூறினார்கள். வழக்கு அத்தோடு முடிந்தது. குடும்பத்தாரும் நண்பர் பலரும் அம்முடிவை ஏற்கவில்லை. சடலத்தைப் பார்த்த எட்டா ஜேம்ஸ் என்ற பாடகி, தாம் கண்ட காயங்கள் சொல்லப்பட்ட கதைக்குப் பொருந்தவில்லை என்று பிற்காலத்தில் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதினார். ஆனால் வேறு எவரையும் குற்றவாளி என்று நிறுவும் சான்று எதுவும் வரவில்லை.

அந்த மனிதர் சாதாரணப் பாடகரல்லர். தம் பாடல்களின் உரிமையைத் தாமே வைத்துக் கொண்டவர். சொந்தமாக இசைத்தட்டு நிறுவனம் நடத்தியவர். 1963இல் லூயிசியானா மாநிலத்தில் ஒரு விடுதி, முன்பதிவு செய்திருந்தும் நிறத்தைக் காட்டி அவருக்கு இடம் மறுத்தது. எதிர்த்துக் கேட்டதற்காகக் காவலர் அவரைப் பிடித்துச் சென்றனர். மாற்றம் வந்தே தீரும் என்ற பொருளில் அவர் இயற்றிய பாட்டுக்கு அந்த அவமதிப்பும் ஒரு காரணம். அவர் இறந்த அதே டிசம்பரில்தான் அது தனி இசைத்தட்டாக வெளிவந்தது. ஆகவே முதல் கொலை உடலுக்கு. இரண்டாவது கொலை அவர் பெயருக்கு: உரிமைக்குக் குரல் கொடுத்த கலைஞன் என்ற நினைவு மங்கி, விடுதியில் சுடப்பட்டவன் என்ற நினைவு மட்டும் மிஞ்சியது.

இனி நம் ரம்லியிடம் திரும்புவோம்.

1964இல் அவர் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்கு வந்தார். உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா படப்பிடிப்பு நிலையத்தில் வேலை. அவ்விடமே பின்னாளில் பினாஸ் எனப்படும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் வளாகமாயிற்று. அங்கே அவர் 18 படங்கள் எடுத்தார். ஆனால் காற்று மாறிவிட்டிருந்தது. 1963இல் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தொலைக்காட்சி வந்தது. அதே ஆண்டில் தொடங்கிய இந்தோனேசியப் பகைமையால் அந்த நாட்டுச் சந்தை அடைபட்டது. ஹாங்காங்கிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வண்ணப்படங்கள் வந்து குவிந்தன. மெர்டேக்காவிலோ கறுப்பு வெள்ளைதான், கருவிகளும் குறைவு, பணமும் குறைவு. இளைஞர்கள் பீட்டில்ஸ் குழுவைக் கேட்டு, மின்கித்தார் பிடித்து, 'பாப் ஏ ஏ' என்ற புது இசைக்கு ஆடினார்கள். 1967இல் ஜாலான் அம்பாஸ் நிலையமே மூடப்பட்டது. நேற்று வரை எல்லாரும் பாடிய மெட்டு இன்று பழைய மெட்டு ஆயிற்று. அவருடைய கடைசிப் படம் 1972இல் வந்த 'லக்சமானா டோ ரே மி'.

அதன் பிறகு படம் இல்லை. 'ஆயிர் மாத்தா டி கோலாலம்பூர்', அதாவது 'கோலாலம்பூரில் கண்ணீர்' என்ற பெயரில் ஒரு படம் எடுக்க எண்ணியிருந்தார். அது எடுக்கப்படவே இல்லை. அந்தப் பெயரில் அவர் மெட்டமைத்த பாட்டு மட்டும், அவர் மறைவுக்குப் பின் மனைவி சலோமாவின் குரலில் பதிவாயிற்று. 1973ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் விடிகாலையில், செத்தாபாக்கில் குடியிருந்த ரம்லி மாரடைப்பால் காலமானார். வயது 44. ஜாலான் அம்பாங் இடுகாட்டில் அடக்கம் நடந்தது.

மரணத்துக்குப் பின் வந்த மரியாதைகளும் உண்டு. கோலாலம்பூரில் பாரி சாலை என்றிருந்த தெரு ஜாலான் பி. ரம்லி ஆயிற்று. செத்தாபாக் ஜாலான் டெடாப்பில் அவர் வாழ்ந்த வீடு 1986இல் நினைவகமாகத் திறக்கப்பட்டது. 1990இல் டான் ஸ்ரீ பட்டம். உயிரோடிருந்தபோது இத்தனையில் கால் பங்காவது கிடைத்திருந்தால் என்று சொல்லாத மலேசியர் இல்லை.

அந்தப் பையன் வீட்டில் ஓடிய விவரணப்படத்தை இயக்கியவர் ஷுஹைமி பாபா என்ற அம்மையார். ஹிஸ்டரி தொலைக்காட்சியில் 2010இல் முதலில் ஒளிபரப்பானது. அதுவரை ரம்லி என்றால் மக்களுக்குச் சிரிப்பும் பாட்டும்தான். பெருநாள் தோறும் தொலைக்காட்சியில் அவர் படம் போடுவார்கள், நாம் சிரிப்போம். அந்தச் சிரிப்புக்குப் பின்னே கடைசி ஆண்டுகளில் இருந்த ஏமாற்றத்தையும் புறக்கணிப்பையும் இந்தப் படம் கூடத்துக்குக் கொண்டுவந்தது. பார்த்தவர்கள் அழுதார்கள். கையில் காசில்லாமல் இறந்தார் என்போரும், அது மிகை என்போரும், ஒதுக்கப்பட்டார் என்போரும், காலம் மாறியதற்கு யாரை நோவது என்போரும் இன்றும் வாதிடுகிறார்கள்.

நாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில் வரலாறு கற்பித்த விரிவுரையாளர் ஒருவர் இருந்தார். பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் ஐவர் ஓர் அறையில் தங்கியிருந்தோம். அவரும் அதே பக்கம் குடியிருந்தார். மாலையில் சாப்பாட்டுக் கடையில் அகப்பட்டால் அங்கேயும் பாடம் நடத்துவார். ஒரு நாள் மேசை மேலிருந்த தண்ணீர்க் குவளையை விளிம்புக்குத் தள்ளி வைத்தார். "இது விழுந்து உடைந்தால் எதனால் உடையும்?" என்றார். தரையில் பட்டதனால் என்றோம். "ஏன் உடையும்?" என்றார். நீங்கள் விளிம்பில் வைத்ததனால் என்றோம். "இரண்டும் சரிதானே? அப்புறம் ஏன் வரலாற்றுப் புத்தகம் எழுதுகிறவன் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கிறான்?" என்று கேட்டுவிட்டு, குவளையை எடுத்துக் குடித்தார். தேர்வுக்கு அவர் சொன்னது எதுவும் இப்போது நினைவில் இல்லை. இது மட்டும் நிற்கிறது.

பாட்டியும் மகனும் சண்டையிட்டது இந்தக் குவளையைப் பற்றித்தான். ரம்லி எதனால் இறந்தார் என்பது ஒரு கேள்வி. அதற்கு மருத்துவர் பதில் சொல்வார்: இருதயம் நின்றது. அதில் வழக்கில்லை. ஏன் இறந்தார் என்பது வேறு கேள்வி. 44 வயதில் ஒருவரின் இருதயம் நிற்கக் காரணம் பல. உடல் இருக்கிறது, உணவு இருக்கிறது, பரம்பரை இருக்கிறது, கவலையும் இருக்கிறது. நெடுநாள் மனச்சுமை இருதயத்தைத் தாக்கும் என்பதை மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் இந்த ஒரு மனிதரின் இருதயத்தை இந்த ஒரு கவலைதான் நிறுத்தியது என்று எந்தக் கருவியும் காட்டாது. பாட்டி சொன்னது பொய்யன்று, அது சான்றுமன்று. அது ஒரு தீர்ப்பு. ஒரு சமுதாயம் தன் மேல் தானே எழுதிக் கொள்கிற தீர்ப்பு.

சேம் குக் செய்தியில் நிலைமை வேறு. அங்கே எதனால் என்ற கேள்விக்கு விடை உண்டு, துப்பாக்கிக் குண்டு. ஆனால் அந்த இரவு அறைக்குள் என்ன நடந்தது என்பதிலேயே வழக்கு. அவ்வழக்கைத் தீர்க்கக் கூடியவை சாட்சியும் காயமும் காவலர் குறிப்பும்தான். நம் மனவருத்தம் அதைத் தீர்க்காது. இரண்டு பாடகர்களுக்கும் கண்ணீர் ஒன்றாக வரலாம். தீர்ப்புச் சொல்லும் முறை ஒன்றாக இருக்க முடியாது.

விவரணப்படம் என்பது செய்தியும் அன்று, கதையும் அன்று. இரண்டுக்கும் நடுவில் நிற்பது. அதில் பேசுகிறவர் ஒவ்வொருவரையும் நாம் நிறுத்திக் கேட்க வேண்டும்: ஐயா, நீங்கள் அங்கே இருந்தீர்களா? இருந்தவர் சொல்வது ஒரு வகை. இருந்தவரிடம் கேட்டேன் என்பவர் சொல்வது இன்னொரு வகை. "அவர் மனம் எப்படிப் பாடுபட்டிருக்கும்" என்று சொல்கிறவர், தம் மனத்தைத்தான் சொல்கிறார். முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்துப் பேசுகிறவர் பொய் சொல்லாமலே தவறாகச் சொல்லக் கூடும். நம் வீட்டுத் திருமணத்தன்று மழை பெய்ததா இல்லையா என்று அண்ணன் தம்பிகளே ஒத்துப் போவதில்லையே.

அடுத்துப் பின்னணி இசையைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நாங்கள் ஒரு வேலை கொடுப்பதுண்டு. ஒரு காட்சியை முதலில் ஒலியோடு பார், பிறகு ஒலியை அடைத்துவிட்டுப் பார். ஒலியோடு பார்க்கையில் ஒருவர் சன்னல் ஓரம் நிற்கும் பழைய ஒளிப்படம் நெஞ்சைப் பிசையும். ஒலியை அடைத்தால் அவர் சன்னல் ஓரம் நிற்கிறார், அவ்வளவுதான். இப்படிச் சொல்வதால் படம் ஏமாற்றுகிறது என்று பொருளில்லை. ஷுஹைமி பாபாவின் படம் இல்லாவிட்டால் அந்தப் பாட்டி ரம்லியின் கடைசி ஆண்டுகளை நினைத்தே இருக்கமாட்டார். படம் செய்ய வேண்டிய வேலையைச் செய்தது. மிச்ச வேலை பார்க்கிறவருடையது.

நம் மூத்தவர்களுக்கு இது புதிய செய்தியும் அன்று. தியாகராஜ பாகவதர் 1944இல் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறை சென்று 1947இல் விடுதலையாகி, 1959 நவம்பர் 1ஆம் நாள் மறைந்தார். உடல் நோயால்தான் மறைந்தார். ஆயினும் "சிறைதான் அவரைத் தின்றது" என்று சொல்லாத பாட்டன் நம் லயங்களில் உண்டா?

இவ்வளவும் தொலைவில் உள்ளவர்களின் கதை. எங்களுக்கு இதில் இத்தனை ஈடுபாடு ஏன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் தோட்டத்தின் கீழ் டிவிஷனில் ஒரு பாட்டுக்காரர் இருந்தார். கித்தா இருந்த காலத்தில் பால்வெட்டுக்காரர், பிறகு செம்பனைக் குலை வெட்டியவர். மாரியம்மன் திருவிழாவில் காவடி எடுக்கிறவர்களுக்கு அவர் பாட வேண்டும். பாடாவிட்டால் அருள் வராது என்பார்கள். துக்க வீட்டிலும் அவரே பாடுவார். ஏட்டில் இல்லாத பாட்டுகள். கப்பலேறி வந்த கதை, கங்காணியைக் கிண்டல் செய்யும் பாட்டு, விடிகாலைப் பிரட்டில் நிற்கிறவளின் புலம்பல். அந்த டிவிஷன் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதி ஆயிற்று. குடும்பங்கள் கிள்ளானில் ஓர் அடுக்குமாடிக்குச் சென்றன. அவர்களுக்கு நான்காம் மாடி. பதினான்கு மாதம் கழித்து, மின்தூக்கி பழுதாகிக் கிடந்த ஒரு நாள், படியேறும்போது அவர் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.

மருத்துவச் சான்றிதழில் இருதயம் என்றிருந்தது. மகன் மின்தூக்கியைச் சொன்னார். மருமகள், ஐயா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்றார். மனைவியோ, "மரத்தை விட்டு இறக்கின அன்னைக்கே அவரு போயிட்டாரு" என்றார். பதினாறாம் நாள் காரியத்தன்றுகூட இந்தப் பேச்சு சண்டையாயிற்று. வாத்தியாரைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். நான்கும் உண்மையாக இருக்கலாம் என்று நாம் சொன்னதை யாரும் விரும்பவில்லை.

ரம்லிக்குப் படங்கள் இருக்கின்றன. அவரைப் புறக்கணித்த காலமே அழிந்தது, குரல் அழியவில்லை. சேம் குக்குக்கு இசைத்தட்டு இருக்கிறது. கீழ் டிவிஷன் பாட்டுக்காரருக்கு என்ன இருக்கிறது என்று அந்த விவரணப்படத்தைப் பார்த்த இரவு யோசித்தோம். அடுத்த சனிக்கிழமை, ஆறாம் ஆண்டு மாணவர் நால்வரை அவர்கள் பெற்றோரின் அனுமதியுடன் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்குப் போனோம். மின்தூக்கி அன்று வேலை செய்தது.

"பாட்டி, தாத்தா பாடின பாட்டு ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்று ஒரு பெண் பிள்ளை கேட்டாள். "எனக்குப் பாட வராது கண்ணு" என்று சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து ஓர் ஒலிநாடாவை எடுத்தார். என்றோ ஒரு திருவிழாவில் யாரோ பதிவு செய்து கொடுத்தது. பழைய பெட்டி ஒன்றில் போட்டோம். முதலில் நாதசுரம், கூட்டத்தின் இரைச்சல், பிறகு அவர் குரல். பிள்ளைகள் கைப்பேசியை அருகில் வைத்துப் பதிவு செய்தார்கள். நான்கு நிமிடம் ஓடியிருக்கும். பாட்டு நடுவிலேயே அறுந்து, ஒரு சினிமாப் பாட்டு தொடங்கிவிட்டது. வீட்டில் யாரோ சிறு வயதில் அதன் மேலேயே வானொலியிலிருந்து பதிவு செய்திருக்கிறார்கள். மகன் தலையைக் குனிந்துகொண்டார்.

பாட்டி யாரையும் எதுவும் சொல்லவில்லை. "அந்த ஆரம்பத்தை இன்னொரு தடவை போடுங்க சார்" என்றார். திருப்பிப் போட்டோம். இம்முறை பாட்டு அறுந்த இடத்தில் அவர் நிறுத்தவில்லை. பாட வராது என்ற அதே பாட்டி, விட்ட அடியிலிருந்து மெல்லிய குரலில் தொடர்ந்தார். நால்வரில் ஒரு பையனின் கைப்பேசி மட்டும் அப்போது ஓடிக்கொண்டிருந்தது.